நீலப்பச்சைச் சமையலறை, சிவப்புத் தெரு, தரைக்குள் இறங்கும் ஜன்னல்: நேரில் பார்த்தவர்கள் எழுதுகிறார்கள்

பிராங்க்பர்ட்டிலிருந்து

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் எழுந்த நவீனக் கட்டடங்களை நம்மில் பலர் கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் பார்த்திருப்போம். வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, நீள ஜன்னல், ஆள் நடமாட்டமே இல்லாத தெரு. நேரில் போய் நின்றால் கதையே வேறு. நான் போய் நின்றது ஒரு சமையலறையில்.

இந்நகரின் வடமேற்கில், நிடா ஆற்றை ஒட்டி, ரோமர்ஷ்டாட் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. நகராட்சியின் கட்டடத் துறைக்குப் பொறுப்பாக இருந்த எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் 1927, 1928ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. சுமார் 1,200 வீடுகள். அவற்றில் ஒன்றைப் பழைய வண்ணத்தோடு மீட்டெடுத்துப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். எர்ன்ஸ்ட் மாய் இல்லம் என்று பெயர். கீழ்த்தளத்தில் வசிப்பறையை ஒட்டினாற்போல் அந்தச் சமையலறை.

அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அவ்வளவுதான். நடுவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினால் இரு பக்கத்து அலமாரிகளும் எட்டும். மரவேலை எல்லாம் நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம். அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அந்நாளில் நம்பினார்கள். ஜன்னலுக்குக் கீழே காய் நறுக்கும் மேடை. அதன் முன்னால் உயரம் மாற்றக்கூடிய சுழல் ஸ்டூல். மேடையில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். நறுக்கி மிஞ்சிய தோலையும் காம்பையும் கையால் ஒதுக்கினால் நேரே கீழே உள்ள குப்பை இழுப்பறையில் விழும். சுவரோடு மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை. வேலை நடக்கும் இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும்படி கூரையில் ஒரு விளக்கு.

என்னை நெடுநேரம் நிறுத்தியவை அலுமினியப் பெட்டிகள். வரிசை வரிசையாகச் செருகி வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் மூக்கு. உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் சாய்க்கலாம். கரண்டி வேண்டாம், டப்பா மூடியைத் திறந்து மூட வேண்டாம். சர்க்கரை, ரவை, பருப்பு என்று முகப்பில் பெயர் பொறித்திருக்கிறது. வழிகாட்டிய பெண்மணி அரிசி என்று பொறித்த பெட்டியை உருவி என் கையில் கொடுத்தார். காகிதம்போல் லேசாக இருந்தது, ஆனால் விளிம்பில் ஒரு சொரசொரப்புக்கூட இல்லை. மாவுக்கு மட்டும் அலுமினியம் கிடையாது, ஓக் மர இழுப்பறை. அந்த மரத்திலுள்ள துவர்ப்புச் சத்துக்கு மாவுப் புழு அண்டாது என்பது நம்பிக்கை. இத்தனை யோசனையும் வாடகைக் குடியிருப்பின் அடுக்களைக்கு!

இதை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926இல் அவருக்கு வயது 29. அதுவரை தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ரயிலில் இருக்கும் உணவுப் பெட்டியின் சமையலறையைக் கவனித்தார். வீட்டு வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்து பார்த்த அமெரிக்க ஆய்வுகளைப் படித்தார். அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று தீர்மானித்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு பெண்கள் வெளி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். வீட்டு வேலை அவர்களுடைய நாளை விழுங்கிவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை. பிராங்க்பர்ட்டின் புதுக் குடியிருப்புகளில் ஏறக்குறைய 10,000 வீடுகளில் இந்த அடுக்களை பொருத்தப்பட்டது.

இதன்மேல் குறை சொல்பவர்கள் உண்டு. ஒருவர் மட்டுமே நிற்க முடிகிற அறையில் பெண்ணைத் தனியாகப் பூட்டி வைத்துவிட்டார்கள் என்று 1970களில் பெண்ணியவாதிகள் எழுதினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. உதவிக்கு இன்னொருவர் உள்ளே வந்தால் இடித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்தே கால் தேய்ந்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு பெண்ணின் ஓர் அடிகூட வீணாகக் கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார் என்பதை அந்த அறையில் நின்றபோது உடம்பே உணர்ந்தது.

மார்கரேட்டேயின் பிற்கால வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும். ஹிட்லர் ஆட்சியை எதிர்க்கும் ரகசிய வேலைக்காக வியன்னா திரும்பியவரை 1941 ஜனவரியில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ கைது செய்தது. 15 ஆண்டு சிறைத்தண்டனை. 1945இல் போர் முடியும் தறுவாயில் அமெரிக்கப் படை விடுவித்தது. 103ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள்கள் இருக்கையில், 2000 ஜனவரியில் காலமானார்.

பெர்லினிலிருந்து

அக்காவின் பதிவைப் படித்த கையோடு எழுதுகிறேன். நீங்கள் அடுக்களையின் நிறத்தைச் சொன்னீர்கள், நான் ஒரு தெருவின் நிறத்தைச் சொல்கிறேன்.

நான் குடியிருப்பது நொய்கோல்ன் பகுதியில். அங்கிருந்து சுரங்க ரயிலில் தெற்கே போனால் பிரிட்ஸ் வரும். கட்டடக் கலைஞர்கள் புரூனோ டவுட், மார்ட்டின் வாக்னர் இருவரும் 1925 முதல் கட்டிய குதிரைலாடக் குடியிருப்பு அங்கேதான். ஒரு குளத்தைச் சுற்றி 350 மீட்டர் நீளத்துக்கு ஒரே கட்டடம் வளைந்து போகிறது. மேலிருந்து எடுத்த படம் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் அந்தப் படத்தில் தெரியாதவை அதன் கதவுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்: பச்சைச் சட்டத்துக்குள் மஞ்சள், சிவப்புக்குள் வெள்ளை, நீலத்துக்கு ஓரம் கட்டிய கறுப்பு. ஒரே அச்சில் வார்த்த வீடுகள் என்ற எண்ணமே வராது. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் தன் வீடு தூரத்திலேயே தெரிந்துவிடும்.

பெரிய சாலையை ஒட்டிய வரிசை முழுக்க அடர்சிவப்பு. எதிர்ப்புறத்தில் அதே காலத்தில் பழைய பாணியில், சரிவான ஓட்டுக்கூரையோடு, வேறொரு நிறுவனம் வீடு கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முகம் காட்டி நின்ற இந்த வரிசைக்குச் சிவப்பு முன்னணி என்றே மக்கள் பெயர் வைத்தார்கள். தட்டைக் கூரை என்றால் இடதுசாரி, சரிவான கூரை என்றால் பழமைவாதி என்று கூரையின் சாய்வுகூட அரசியலாக இருந்த காலம் அது.

டவுட்டுக்கு வண்ணத்தின் மீது இருந்த பிடிப்பு இங்கே தொடங்கியதில்லை. வண்ணக் கட்டடங்களுக்காக 1919இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டவர் அவர். வேலைப்பாடும் சிற்பமும் பணக்காரருக்கு. வண்ணம் மலிவானது, எளியவர் வீட்டுக்கும் கிடைக்கும் என்பது அவர் வாதம். எனக்கு அது முழுக்கச் சரியாகவே படுகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேட்க வேண்டும். 1923இல் ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடியபோது வீட்டுச் சொந்தக்காரர்களின் பழைய கடன்கள் மதிப்பிழந்து கரைந்துபோயின. அவர்களுக்கு உழைக்காமல் வந்த அந்த ஆதாயத்தின் மீது 1924இல் ஒரு வரி போட்டார்கள். அந்த வரிப்பணம்தான் இங்கும் பிராங்க்பர்ட்டிலும் சுவராக எழுந்தது. அப்படியும் வாடகை அடிமட்டத் தொழிலாளிக்கு எட்டவில்லை. குடிவந்தவர்கள் பெரும்பாலும் கைத்தொழில் தெரிந்தவர்கள், எழுத்தர்கள், சிறு அதிகாரிகள்.

இங்கே வாழ்ந்த கவிஞர் எரிக் மூசாமை 1934இல் ஓரானியன்பர்க் வதைமுகாமில் நாஜிகள் கொன்றார்கள். அவர் வசித்த வீட்டில் நினைவுப் பலகை இருக்கிறது. டவுட் 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி ஜப்பான் போனார், அங்கிருந்து துருக்கி. 1938 நவம்பரில் துருக்கியின் முதல் அதிபர் அட்டாடுர்க் மறைந்தபோது உடலை வைக்கும் மேடையை வடிவமைத்துக் கொடுத்தார். அடுத்த மாதமே இஸ்தான்புல்லில் இறந்தார். 2008இல் யுனெஸ்கோ இந்தக் குடியிருப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்றும் இவை மக்கள் வாழும் வீடுகள். போகிறவர்கள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காமல் நடந்துவிட்டு வாருங்கள்.

பிர்னோவிலிருந்து

செக் நாட்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். என் ஊரில் இருப்பது மேலே இரண்டு பேரும் எழுதியதற்கு நேர் எதிர்: ஒரே ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய டூகன்ட்ஹாட் மாளிகை. 1929, 1930. வடிவமைத்தவர் ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, உள்ளலங்காரத்தில் லில்லி ரைஷ். பணக்கார வீடு இங்கே எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தெருவிலிருந்து பார்த்தால் தாழ்வான ஒரு மாடி மட்டும் தெரியும். உள்ளே போய்ச் சுழல் படிக்கட்டில் இறங்கினால் பெரிய மண்டபம். நடுவில் மொராக்கோவின் அட்லஸ் மலையிலிருந்து கொண்டுவந்த ஓனிக்ஸ் கல்லில் தனியாக நிற்கும் ஒரு சுவர். தேன் நிறம். நான் போனது டிசம்பரில், பிற்பகல். வெயில் சாய்ந்து கண்ணாடி வழியாக உள்ளே வந்ததும் கல்லின் வரிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கூட வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிறகு நிலவறைக்கு அழைத்துப் போனார்கள். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இரண்டு கண்ணாடி ஜன்னல்களை அப்படியே தரைக்குள் இறக்கும் மோட்டார் அங்கே இருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்து ஈரப்படுத்தி மேலே அனுப்பும் இயந்திர அறையும் உண்டு. 1930இல்!

அந்த யூதக் குடும்பம் எட்டே ஆண்டுகள்தான் இங்கே வாழ்ந்தது. 1938இல் சுவிட்சர்லாந்துக்கும் பிறகு வெனிசுவேலாவுக்கும் தப்பிப் போனார்கள். வீட்டைக் கெஸ்டாபோ பறித்துக்கொண்டது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி அரைவட்டமாக நின்ற மக்காசர் கருங்காலிப் பலகைகள் காணாமல் போயின. பல பத்தாண்டுகள் கழித்து, அவற்றில் சில இதே ஊரின் பல்கலைக்கழகச் சட்டத் துறை உணவகத்தின் சுவரில் கண்டுபிடிக்கப்பட்டன. போர்க்காலத்தில் கெஸ்டாபோவின் தலைமையிடமாக இருந்த கட்டடம் அது. இப்போது பலகைகள் திரும்பி வந்துவிட்டன.

போருக்குப் பிறகு கொஞ்ச காலம் நடனப் பள்ளி. அதன்பின் முதுகெலும்புக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை மையம். ஓனிக்ஸ் சுவர் இருக்கும் மண்டபத்தில் குழந்தைகள் உடற்பயிற்சி செய்தார்கள். ஒரே குடும்பத்துக்கென்று செய்த வெளிச்சமும் காற்றும் ஊர்ப் பிள்ளைகளுக்கு மருந்தாகியிருக்கிறது. பெர்லின் அண்ணனின் குடியிருப்புக்கும் இந்த மாளிகைக்கும் இடையே நான் காணும் உறவு இதுதான். உள்ளே போக டிக்கெட் கிடைப்பது பெரும்பாடு. மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

டெஸ்ஸாவ், பிராக் போய்வந்த மாணவி

நான் வடிவமைப்புப் படிக்கிறேன். ஜெர்மனியின் டெஸ்ஸாவில், பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளி வைமார் நகரிலிருந்து இடம் மாறி வந்து 1926 டிசம்பரில் திறந்த கட்டடத்தில், அந்நாள் மாணவர்கள் தங்கிய அறைகளை இப்போது விருந்தினர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஓர் இரவு தங்கினேன். பட்டறைப் பகுதியில் ஒரு சக்கரத்தைச் சுற்றினால் சங்கிலி இழுத்து ஒரு வரிசை ஜன்னல் முழுவதும் ஒன்றாகத் திறக்கிறது. கண்ணாடிச் சுவர் கோடையில் வேகவைக்கும், குளிர்காலத்தில் நடுங்கவைக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பள்ளியின் ஓவியங்கள் 1922 டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, ககனேந்திரநாத் தாகூர் போன்ற வங்க ஓவியர்களின் படங்களோடு காட்சிக்கு வைக்கப்பட்டன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பள்ளியில் கற்பித்த ஓவியர்கள் கிளே, காண்டின்ஸ்கி ஆகியோரின் படங்களும் அதில் இருந்தன.

ஆனால் எனக்குள் தங்கிவிட்டது பிராகில் பார்த்தது. பௌஹவுஸ் வைமாரில் இருந்த காலத்தில் அங்கே படித்தவர் பிரீடல் டிக்கர். 1942இல் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கிருந்த குழந்தைகளுக்கு ரகசியமாக ஓவியம் கற்றுக்கொடுத்தார். தான் படித்த பள்ளியின் முதலாண்டுப் பயிற்சிகளையே கொடுத்தார்: கிழித்த காகிதத்தை ஒட்டிப் படமாக்குவது, கோட்டின் தாளத்தைக் கையால் பின்தொடர்வது. 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அவரைக் கொன்றார்கள். அங்கே கொண்டுபோகப்படுவதற்கு முன் குழந்தைகளின் படங்களைப் பெட்டிகளில் அடுக்கி ஒளித்து வைக்கச் செய்தார். சுமார் 4,500 படங்கள் பிழைத்தன. சிலவற்றைப் பிராகின் பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் பார்க்கலாம். அலுவலகப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒட்டிய படம் ஒன்று. அச்சடித்த கட்டங்கள் காகிதத்தின் ஊடே தெரிகின்றன. கீழே குழந்தையின் பெயர், அவளே எழுதியது. பௌஹவுஸ் என்றதும் வளைந்த இரும்புக்குழாய் நாற்காலியைக் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பள்ளி செய்த மிகப் பெரிய வேலை அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது.

மறுபடியும் பிராங்க்பர்ட்டிலிருந்து

தங்கையின் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பெட்டிகளைப் பற்றி இங்கே எழுதியதற்கு நன்றி.

தனிச்செய்தியில் இருவர் கேட்டார்கள், பிராங்க்பர்ட் வராமல் அந்த அடுக்களையைப் பார்க்க வழி உண்டா என்று. உண்டு. வியன்னாவின் பயன்கலை அருங்காட்சியகத்தில் ஒரு மறுவடிவம் இருக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இங்குள்ள ஒரு குடியிருப்பிலிருந்து கழற்றிய அசலையே வாங்கியிருக்கிறது. ஆனால் அது எப்போதும் காட்சியில் இருப்பதில்லை. முடிந்தவர்கள் ரோமர்ஷ்டாட்டுக்கே வாருங்கள். அங்கேதான் அடுக்களையிலிருந்து வசிப்பறை, வசிப்பறையிலிருந்து பின்பக்கக் காய்கறித் தோட்டம் என்று முழு வீட்டையும் நடந்து பார்க்கலாம். வாரத்தின் எல்லா நாள்களிலும் திறப்பதில்லை. கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.