மறு: தோண்டிய களிமண்ணைக் கொண்டே இளகிய தரையைக் கெட்டியாக்குவது

வணக்கம் உறவுகளே.

தோண்டிய களிமண்ணை லாரி லாரியாக வெளியே கொட்டிவிட்டு, அதே வாசல் வழியாகக் கிராவலை விலைக்கு வாங்கி வருவது பல இடங்களில் வீண் வேலை. அந்த மண்ணிலேயே சுண்ணாம்பு கலந்து, இளகிய தரையின் மேல் இறுக்கிவிடலாம். ஆனால் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் கலக்கும்போது அல்ல, தோண்டும்போதே.

மேல்மண் 15 முதல் 30 செ.மீ. வரை தனிக் குவியலாகப் போகட்டும். அதிலுள்ள மக்கிய இலைதழை சுண்ணாம்பைத் தின்றுவிடும். ஒன்றிரண்டு சதவீதம் இருந்தாலே இறுகுவது தடைப்படும். இடிபாடு கலந்த மண் இன்னொரு குவியல். மீதியில் ஒரு பிடி ஈரமண்ணை உருட்டிப் பாருங்கள். 3 மி.மீ. கயிறாகத் திரிந்தால் சுண்ணாம்புக்கு ஏற்ற களி. திரியாமல் உதிர்ந்தால் மணல்பாங்கு, அதற்கு சிமெண்ட்தான். குவியல்களை உடனே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ஒரு மழை இறங்கினால் அளவெல்லாம் மாறிவிடும்.

எவ்வளவு சுண்ணாம்பு? கண்மதிப்பு வேண்டாம். ஐந்து புட்டிகள், ஒவ்வொன்றிலும் சலித்த உலர்மண் 25 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி., அவற்றில் முறையே 2, 3, 4, 5, 6 சதவீதம் சுண்ணாம்பு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து பிஎச் (காரத்தன்மை அளவு) பாருங்கள். 12.4 எட்டும் மிகக் குறைந்த அளவே தொடக்கப் புள்ளி. அது வலிமைக்கான சான்றல்ல. அந்த அளவில் மாதிரி செய்து, 4 நாள் நீரில் ஊறவைத்து சிபிஆர் (மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற சோதனை) பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். களத்தில் கலவை சீராக விழாது என்பதால் 1 சதவீதம் கூட்டிக்கொள்வது நல்லது.

சதவீதம் எப்போதும் உலர் எடைக்கு. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். 30 சதவீத ஈரமுள்ள ஒரு டன் மண்ணில் உலர்மண் 770 கிலோதான். இறுக்கிய உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1,600 கிலோ என்றால் 4 சதவீதம் 64 கிலோ, 20 செ.மீ. அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு 12.8 கிலோ.

சொதசொத மண்ணுக்கு நீற்றாத சுண்ணாம்புதான் கைகொடுக்கும். ஒரு கிலோ தூள் நீறுவதற்கே ஏறக்குறைய 320 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எழும் சூடு இன்னும் கொஞ்சத்தை ஆவியாக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் அருகில் போகக்கூடாது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

பொக்லைன் பக்கெட்டால் புரட்டினால் உள்ளே சுண்ணாம்பு சேராத பச்சை மண் கட்டிகள் நிற்கும். பின்னால் தண்ணீர் பட்டால் அவையே இளகும். ரோட்டவேட்டர் வேண்டும். கலந்து, லேசாக உருட்டி மூடி, 24 முதல் 72 மணி நேரம் ஊறவிட்டு மறுபடி கலக்குங்கள். கல் தவிர எல்லாம் 25 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும். வெட்டிய முகத்தில் பினாப்தலீன் (காரம் பட்டால் நிறம் மாறும் கரைசல்) தெளித்தால் சுண்ணாம்பு சேர்ந்த இடம் இளஞ்சிவப்பாகும், சேராத இடம் நிறம் மாறாது. மலிவான சோதனை, ஆனால் யாரும் செய்வதில்லை.

முதல் அடுக்கை மட்டும் ஜியோடெக்ஸ்டைல் (சேற்றையும் மேல்மண்ணையும் பிரிக்கும் துணி) விரித்து 30–40 செ.மீ. கனமாகப் போடுங்கள். அதில் அதிர்வு ரோலர் கூடாது. கீழுள்ள சேறு பிதுங்கி மேலே ஏறும். ரோலருக்கு முன்னால் தரை மெத்தைபோல் அலைந்தால் நிறுத்திவிடுங்கள். மேல் அடுக்குகள் 20 செ.மீ., ப்ராக்டர் அடர்த்தியில் (ஆய்வகச் சோதனையில் அந்த மண்ணுக்குக் கிடைக்கும் உச்ச உலர் அடர்த்தி) 95 சதவீதம். பிறகு ஒரு வாரம் ஈரம் காய விடாமல், லாரி ஏற்றாமல் வையுங்கள்.

---

அண்ணே, எல்லாம் சரி. சல்பேட்டை விட்டுவிட்டீர்கள்.

இடிபாட்டில் ஜிப்சம் போர்டுத் துண்டு கிடந்தாலோ, மண்ணிலேயே ஜிப்சம் இருந்தாலோ, சுண்ணாம்பும் சல்பேட்டும் களியிலுள்ள அலுமினாவும் சேர்ந்து எட்ரிங்கைட் படிகமாகி, தண்ணீர் கிடைக்கக் கிடைக்க வீங்கும். முடித்த தளம் மாதங்கள் கழித்துத் தூக்கும். சல்பேட் கிலோ மண்ணுக்கு 3,000 மி.கி.க்குக் கீழ் இருந்தால் பெரிய பயமில்லை. 8,000 தாண்டினால் சுண்ணாம்பும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கருஞ்சாம்பல் சேறு இன்னும் மோசம். அதிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றுப்பட்டபின்தான் சல்பேட்டாகும், ஆகவே தோண்டிய அன்று எடுத்த அளவு ஏமாற்றும். மொத்தக் கந்தகமும் பார்க்கச் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்குத் தேறாத மண்ணிலும், நாற்றமில்லாததை எடைக்குப் பயன்படுத்தலாம். ஒரு மீட்டர் உயரக் குவியல் தரையில் தரும் அழுத்தம் சுமார் 18 கிலோபாஸ்கல். அதை இளகிய தரைமேல் ஏற்றி, கீழுள்ள நீரைப் பிழிந்தெடுப்பதுதான் வேலை. களியை நேரே தரைமேல் கொட்டினால் பிழிந்த நீருக்கு வழியிருக்காது. முதலில் அரை மீட்டர் மணல், அதற்குக் கீழே 1.2 மீட்டர் இடைவெளியில் செங்குத்தாக இறக்கிய வடிபட்டைகள் (நீர் மேலேறி வெளியேற வழிவிடும் பட்டைகள்). நீர் நடக்கும் தூரம் பாதியானால் காலம் கால்வாசியாகும்.

ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். வெட்டு வலிமை (மண் சறுக்காமல் நிற்கும் திறன்) 10 கிலோபாஸ்கல் உள்ள சேறு சுமார் 51 கிலோபாஸ்கல் தாங்கும், பாதுகாப்புக்காக 1.5 ஆல் வகுத்தால் 34. மணலையும் சேர்த்தே 2 மீட்டருக்குள்தான். ஓரத்தில் அடித்த முளைகள் வெளிப்பக்கம் நகர்ந்தால் அன்றே மண் ஏற்றுவதை நிறுத்துங்கள். தரை எவ்வளவு இறங்கியது என்று காட்டும் தாழ்வுத் தகட்டின் வாரக் கணக்கை வரைபடமாகப் போட்டு, கோடு கிடையாகப் படுத்த பிறகே மண்ணை அள்ளி, அடுத்த பகுதிக்கு நகர்த்த வேண்டும்.