துணை போன பின் வந்த கடன்காரர்கள்: உங்கள் அனுபவம்?

மாலைநிழல்:
தனிநபர் கடன்தான், அடமானம் ஏதும் இல்லை. அவர் போய் மூன்று வாரம். அவருடைய போன் அடித்தது, எடுத்தேன். "சார் இருக்காரா?" இறந்துவிட்டார் என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பெண், "சரிங்க மேடம், அவர்கிட்ட எப்போ பேசலாம்?" என்றாள். எழுதிக் கொடுத்ததை வாசித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைக்கும்போது "உங்க கையெழுத்தும் இருக்கு மேடம்" என்றாள். அன்றிரவே ஒரு தவணை கட்டினேன். கட்டத்தான் வேண்டுமா என்று யாரையும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழையகணக்கு:
கிரெடிட் கார்டு மனைவி பெயரில், கூடுதல் கார்டு என்னிடம். அவள் இறந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தேன், கைப்பழக்கம். வங்கி அதிகாரி பில்லில் அவள் இறந்த தேதிக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு இழுத்தார். "மேலே இருக்கிறது அவங்களோடது. கீழே இருக்கிறது உங்களோடது." கோட்டுக்குக் கீழே முதல் செலவு, அவள் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது.

இரண்டாம்சாவி:
மாலைநிழல், நீங்கள் கட்டியது தப்பு. என் அம்மா, அப்பாவின் தொழில் கடனுக்கு ஜாமீன் போட்டு முழுவதையும் அடைத்தவர், அதனால் சொல்கிறேன். கணவன் மனைவி என்பதாலேயே கடன் வந்து ஒட்டிக்கொள்ளாது. இந்தியாவில் 1908ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 50: இறந்தவர் சொத்தில் வாரிசின் கைக்கு வந்த அளவுக்குத்தான் பொறுப்பு. இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கத்திய சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் சொத்தோடு கடனும் சேர்ந்தே வரும். வேண்டாமென்றால் பொதுவாக ஜெர்மனியில் 6 வாரம், ஜப்பானில் 3 மாதத்துக்குள் முறைப்படி மறுக்க வேண்டும். கடனுக்குக் காப்பீடு இருந்ததா என்றும் பாருங்கள், இருப்பதே பல வீடுகளில் தெரியாது. போனில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்பந்த நகல் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

ஓரமாய்:
இரண்டாம்சாவி, இங்கே யார் சட்டம் கேட்டார்கள்? மாமா வாங்கிய கைமாற்றுக்குச் சீட்டே கிடையாது. அக்கா இரண்டு வருடம் கட்டினாள். கொடுத்தவர் கேட்கவும் இல்லை. அவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். அதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். இதற்கு எந்தப் பிரிவு?

இரண்டாம்சாவி:
அது விருப்பம். நான் பேசுவது பொறுப்பைப் பற்றி. இரண்டையும் குழப்பித்தான் வசூல்காரர்கள் பிழைக்கிறார்கள்.

மாலைநிழல்:
சண்டை வேண்டாம். நகல் கேட்டேன், வந்துவிட்டது. என் கையெழுத்து இருக்கிறது, சாட்சி என்று போட்ட இடத்தில். ஜாமீன் இல்லை. மீதியைக் கட்டப் போவதில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். அவர் கையெழுத்து பாதி நீலம், பாதி கறுப்பு. நடுவில் பேனா தீர்ந்துபோய் என்னுடையதை வாங்கிப் போட்டார். இதையெல்லாம் மறந்தே போயிருந்தேன்.