வி-கிராஸ் பிக்கப்புக்கு லிஃப்ட் கிட்: 60,000 ரூபாய்க்குள் எதைப் போடலாம்?

மிளகுக்கொடி:
வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2.5 லிட்டர், 2017 மாடல், 96,000 கி.மீ. டயர் 245/70 ஆர்16. ஷாக், ஸ்பிரிங் எல்லாம் கம்பெனி போட்டதேதான்.

ஓடுறது கொல்லிமலையில். மேலே தார் ரோட்டை விட்டு இறங்கினா தோட்டம் வரைக்கும் 3 கி.மீ. மண்பாதை. மூணு தொல்லை இருக்கு. பாதை நடுவுல துருத்திக்கிட்டிருக்கிற கல்லுல பின் கிரவுன் (பின் ஆக்சில் நடுவுல இருக்கிற பல்சக்கரப் பெட்டி) உரசுது. வாய்க்கால் மேடு ஏறி இறங்கும்போது சைடு ஸ்டெப்பும் சேசிஸ் நடுப்பகுதியும் தட்டுது. 350-400 கிலோ மூட்டை ஏத்தினா பின்பக்கம் உட்கார்ந்துடுது.

வண்டியை உயர்த்துற லிஃப்ட் கிட்டுக்கு ரெண்டு கடையில விலை கேட்டேன். முன்னாடி 50 மி.மீ. ஸ்பேசர் (ஷாக் மேல வைக்கிற வளையம்), பின்னாடி 50 மி.மீ. பிளாக் (ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவுல வைக்கிற கட்டை)-ன்னு ஒருத்தர், கூலியோட 18,000. முழு கிட்டு 1,25,000-ன்னு இன்னொருத்தர். கையில இருக்கிறது 60,000. ஸ்பேசரே போதுமா?

நாலுசக்கரம்:
நீங்க சொன்ன மூணுக்கும் மருந்து வேற வேற. அதைப் பிரிச்சுக்காம கிட்டு வாங்கினா காசுதான் போகும்.

முதல்ல கிரவுன். அது ஆக்சில்லயே இருக்கு, ஆக்சில் டயர் மேல நிக்குது. 50 தூக்கினாலும் 100 தூக்கினாலும் கிரவுனுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மி.மீ. கூட அதிகமாகாது. அதைக் கூட்ட பெரிய டயர் ஒண்ணுதான் வழி. உங்க 245/70 ஆர்16 டயரோட விட்டம் சுமார் 749 மி.மீ., 265/70 ஆர்16 போட்டா 777. அதுல பாதி, அதாவது 14 மி.மீ. கிரவுனுக்குக் கிடைக்கும். மீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் இப்ப இருக்கிறதை விட 3.7 சதவீதம் கூடுதலா இருக்கும், அதை மனசுல வெச்சுக்குங்க.

சைடு ஸ்டெப்பும் சேசிஸும் இடிக்கிறதுக்குத்தான் லிஃப்ட். பின்னாடி உட்கார்றது பின் ஸ்பிரிங் பட்டையோட பலக்குறைவு, லிஃப்ட் அதைத் தீர்க்காது.

இப்ப அந்த 18,000 ரூபாய் யோசனை. கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 50 மி.மீ. என்பது ஸ்பேசரோட கனமா, வண்டி உயர்ற அளவா? இந்த வண்டியில முன் ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் கீழ் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோட இணைக்கிற கை) மேல, சக்கரத்துக்கும் சேசிஸுக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு. அதனால மேலே வைக்கிற ஸ்பேசரோட கனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்கரத்துல உயரும். 25 மி.மீ. ஸ்பேசர் 40-லிருந்து 50 வரைக்கும் தூக்கும். 50 மி.மீ. கனமுள்ளதை வெச்சா 80-க்கு மேல போயிடும். அப்ப முன் சக்கரத்தைச் சுத்துற ஷாஃப்டோட சி.வி. ஜாயின்ட் அதிகக் கோணத்துல மடங்கி அதோட ரப்பர் பூட் கிழியும், மேல் ஆர்ம் காயில்ல உரசும், மேல் பால் ஜாயின்ட் அதோட எல்லையில முட்டி நிக்கும்.

அளவு சரியா இருந்தாலும் ஸ்பேசருக்கு இன்னொரு குறை உண்டு. ஷாக் முழுசா அந்தக் கனத்துக்குக் கீழே இறங்கிடுது. பெரிய பள்ளத்துல பம்ப் ஸ்டாப் (கடைசியா தடுக்கிற ரப்பர்) தாங்கறதுக்கு முன்னாடியே ஷாக் உள்ளுக்குள்ள முட்டிடும். 96,000 கி.மீ. ஓடின ஷாக் மேல இதை வைக்கிறது வீண் செலவு, எப்படியும் அந்த ஷாக்கை மாத்தியாகணும்.

முன்னாடிக்கு என் யோசனை: 40 மி.மீ. உயரம் தர்ற புதுக் காயிலும் அதுக்குப் பொருத்தமான ஷாக்கும் ஜோடியா வாங்குங்க. 40-க்குள்ள நிறுத்தினா பெரும்பாலும் மேல் ஆர்ம் மாத்த வேண்டாம், டிஃப் டிராப்பும் (முன் டிஃபரன்ஷியலைக் கீழே இறக்குறது) வேண்டாம். 50-ஐத் தாண்டினா ரெண்டும் தேவைப்படும், பட்ஜெட் அங்கேயே உடைஞ்சுடும்.

வேலைக்கு முன்னாடி நாலு சக்கரத்திலயும் ஹப் நடுவுலேர்ந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் பிடிச்சு அளந்து எழுதிப் போடுங்க. வண்டி காலியாவும், மூட்டையோடவும்.

மிளகுக்கொடி:
அளந்துட்டேன் அண்ணா. காலி வண்டி: முன் இடது 488, முன் வலது 482, பின் இடது 531, பின் வலது 530. 400 கிலோவோட: முன்னாடி 490, 485. பின்னாடி ரெண்டு பக்கமும் 470.

பின்னாடி பிளாக் வைக்கலாமா, ஷேக்கிள் மாத்தலாமா, பட்டை சேர்க்கலாமா?

பட்டைக்கட்டு:
400 கிலோவுக்கு 60 மி.மீ. இறங்குது. பிளாக் வெச்சா 50 உயரும், ஆனா மூட்டை ஏறினதும் அதே 60 இறங்கும். பிளாக் சுமை தாங்காது, உயரத்தை மட்டும்தான் கூட்டும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல இடைவெளி கூடுறதால ஏத்தத்துல அழுத்தும்போது ஆக்சில் முறுக்கிக்கிட்டுத் துள்ளவும் செய்யும். ஷேக்கிள் (பட்டையோட பின்முனையைச் சேசிஸோட இணைக்கிற துண்டு) இன்னும் மோசம்: 50 நீளம் கூட்டினா 25 தான் உயரும், கிரவுன் மூக்கு மேல் நோக்கித் திரும்பும்.

உங்களுக்குத் தேவை ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை சேர்க்கிறது. மெயின் பட்டைக்குக் கீழே, நீளமான பட்டையா. வளைவு 25-30 மி.மீ. உயரம் தர்ற அளவுக்கு இருந்தா போதும், அதுக்கு மேல பின்னாடி தூக்காதீங்க. முன்னாடி 40, பின்னாடி 25 உயர்ந்தா காலி வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 30 சொச்சம் நிக்கும், மூட்டை ஏறினாலும் மூக்கு ரொம்ப வானம் பார்க்காது. காலியா ஓடும்போது கொஞ்சம் தூக்கிப்போடும், அதைத் தவிர்க்க முடியாது.

பழைய பட்டையையே சுத்தியலால அடிச்சு வளைவு ஏத்தித் தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. சூடேத்திப் பதம் வைக்காம வளைச்ச பட்டை சில மாசத்துல பழையபடி படுத்துடும். பட்டையில எங்கேயும் வெல்டிங் வைக்க விடாதீங்க, வெச்ச இடத்துல ஒடியும்.

பட்டையை ஆக்சிலோட சேர்த்துக் கட்டுற யு போல்ட் கட்டாயம் புதுசு. ஒருதடவை முறுக்கேறி நீண்ட போல்ட் திரும்ப அதே பிடி பிடிக்காது. வாங்கும்போது மரை நீளத்தைப் பாருங்க. மரை பத்தாம நட்டு மரையோட முடிவுல போய் முட்டினா ஸ்பேனருக்கு இறுகின மாதிரி தெரியும், ஆனா பட்டைக்கட்டு இறுகியிருக்காது. அப்புறம் மொத்த இழுவையும் பட்டைகளை நடுவுல கோர்க்கிற சென்டர் போல்ட் தலையில விழுந்து அது அறுந்துடும். ஆக்சில் ஒரு பக்கம் பின்னால நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி கோணலா ஓடும். மலை இறக்கத்துல அது நடந்தா உயிருக்கே ஆபத்து.

நாலு நட்டையும் குறுக்குமறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா, டார்க் ரெஞ்சால முறுக்குங்க. 500 கி.மீ. ஓடினதும் திரும்ப முறுக்கணும். நட்டுலேர்ந்து போல்ட் வரைக்கும் பெயின்ட்டால ஒரு கோடு இழுத்து வெச்சா, நட்டு நகர்ந்திருக்கான்னு குனிஞ்சு பார்த்தாலே தெரிஞ்சுடும்.

பின் ஷாக் 25-30 மி.மீ. கூடுதல் நீளமுள்ளதா வாங்குங்க. பழைய நீளமே இருந்தா சக்கரம் தொங்கும்போது ஷாக்தான் ஆக்சிலைப் பிடிச்சு நிறுத்தும், சீக்கிரம் பிய்ஞ்சுடும்.

ஊர்க்குருவி:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

உயரம் கூடினா காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னால சாயுற கோணம்) குறையும், கேம்பரும் டோவும் (சக்கரம் நிக்கிற மத்த கோணங்கள்) மாறும். 70 கொண்டை ஊசி ஏறுற வண்டிக்கு காஸ்டர் ரொம்ப முக்கியம். வளைவுல ஒடிச்ச ஸ்டீயரிங் கையைத் தளர்த்தினா தானா நேரா வரணும். காஸ்டர் போச்சுன்னா சோம்பலாத் திரும்பும், சமவெளியில அலையும். வேலை முடிஞ்ச அன்னிக்கே கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செஞ்சு, முன்னும் பின்னும் எடுத்த சீட்டை வாங்கி வெச்சுக்குங்க. ஹெட்லைட்டையும் இறக்கி வைக்கச் சொல்லுங்க.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததிலேர்ந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. காசு கட்டுறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. அலுவலகத்துல கேளுங்க, இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுதிக் கொடுங்க. அவங்களுக்குச் சொல்லாம செஞ்சுட்டு விபத்து நடந்தா க்ளெய்ம்ல இழுபறி வரும். டயர் மாத்துறதுக்கும் இதேதான், மட்கார்டை விட்டு வெளியே வர்ற அகல ரிம் பக்கமே போகாதீங்க.

மிளகுக்கொடி:
புரிஞ்சுது. இப்ப முன் காயிலும் ஷாக்கும், பின் பட்டையும் ஷாக்கும். கிரவுனுக்கு, இருக்கிற டயர் தேய்ஞ்சதும் 265. பட்டறையில பக்கத்துல நின்னு எதைக் கவனிக்கணும்?

நாலுசக்கரம்:
முன் காயிலை ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டி அமுக்காம ஷாக்கோட மேல் நடு நட்டைத் தொட விடாதீங்க, காயில் வெடிச்சுக் கிளம்பும். மேல் பால் ஜாயின்ட்டைக் கழட்டினதும் சக்கரப் பகுதி வெறுமனே தொங்கக்கூடாது. கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்க, இல்லைன்னா ஏ.பி.எஸ். வயரும் பிரேக் ஹோஸும் இழுபடும்.

பல பட்டறையில தப்பு நடக்கிறது இங்கேதான்: கீழ் ஆர்ம் புஷ் போல்ட்டை ஜாக்கியில தூக்கி வெச்சபடியே இறுக்கிடுவாங்க. தொங்கின நிலையிலேயே ரப்பர் பிடிபட்டுப் போகும், வண்டி இறங்கினதும் முறுக்கிக்கிட்டு நிக்கும், சீக்கிரமே கிழியும். போல்ட்டை லூசா விட்டு வண்டியைத் தரையில இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டி, அப்புறமா இறுக்கணும். பின் பட்டைக் கண் போல்ட்டும், ஷேக்கிள் போல்ட்டும் அப்படித்தான்.

கிளட்ச் விட்டு எடுக்கும்போது அடியில நடுக்கம் வந்தா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நடு பேரிங் கோணம் மாறியிருக்கு. பேரிங் பிராக்கெட்டை சில மி.மீ. கீழே இறக்க வாஷர் கனம் வைக்கச் சொல்லுங்க.

கடைசியா, சேசிஸை ஜாக்கியில தூக்கி நாலு சக்கரத்தையும் முழுசா தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி, பிரேக் ஹோஸை விரலால அமுக்கிப் பாருங்க. வளைஞ்சு கொடுக்கணும். கம்பி மாதிரி விறைப்பா நின்னா ஹோஸ் நீளம் பத்தலைன்னு அர்த்தம், அதை மாத்தாம வண்டியை வெளியே எடுக்காதீங்க.