டிரெய்லர் கழன்ற அனுபவம் யாருக்காவது உண்டா?

ஹூஸ்டன்_விவசாயி

பூட்டு விழுந்த சத்தத்தை என் காதால் கேட்டேன். ஆறு மாதமாக என்னைத் தூங்க விடாதது அந்தச் சத்தம்தான்.

நண்பரிடம் இரவல் வாங்கிய இரட்டை அச்சு டிரெய்லர். அதன்மேல் சின்ன டிராக்டர். பிரென்ஹாம் பக்கத்து நிலத்துக்குக் கொண்டுபோகிறேன். கப்ளரை, அதாவது டிரெய்லர் மூக்கிலிருக்கும் கிண்ணத்தை, பிக்கப்பின் பின்னாலிருக்கும் இரும்புப் பந்தின்மேல் இறக்கினேன், தாழ்ப்பாளை மடக்கினேன், ‘டக்’ என்றது, பின்னைச் செருகினேன். அவருடைய கப்ளர் 2-5/16 அங்குலம். என் பிக்கப்பில் இருந்த பந்து 2 அங்குலம். வித்தியாசம் வெறும் எட்டு மில்லிமீட்டர். மாறி இருந்தால் பிழைத்திருப்பேன், சின்னக் கப்ளர் பெரிய பந்தில் உட்காரவே உட்காராது. பெரிய கப்ளர் சின்னப் பந்தின்மேல் சமர்த்தாக உட்கார்ந்து பூட்டிக்கொண்டதுபோல நடிக்கும். நாற்பது மைல் நடித்தது.

ரயில்வே கிராசிங் மேட்டில் ஏறும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். டிரெய்லரின் மூக்கு ஒருமுறை துள்ளியது. அடுத்த நொடி கண்ணாடியில் மூக்கே இல்லை. கீழே இரும்பு உரசும் சத்தம். சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்கு அடியில் பெருக்கல் குறிபோல மாட்டியிருந்தேன். இவ்வளவு எதற்கு என்று முனகிக்கொண்டே மாட்டியதுதான். மூக்கு அந்தத் தொட்டிலில் விழுந்து தொங்கியது, தாரில் குத்தவில்லை. பதற்றத்தில் பிரேக்கை மிதித்தேன். டிரெய்லர் ஓடிவந்து பின்கதவை முட்டியது. அதற்குப் பிறகே டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பிரேக் கன்ட்ரோலர் நினைவுக்கு வந்தது. அதை விரலால் அழுத்தினேன். டிரெய்லர் பிரேக் மட்டும் பிடித்தது, சங்கிலி விறைத்தது, இரண்டும் நின்றன. மின்கம்பி அறுந்திருந்தால் அதுவும் கிடையாது.

பந்தின் உச்சியிலேயே அளவு பொறித்திருக்கிறது. கிரீஸைத் துடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

எட்மன்டன்_குளிர்

ஹூஸ்டன் ஐயா, உங்களுக்காவது சங்கிலி இருந்தது. எங்களுடையது ஃபிஃப்த் வீல், பிக்கப்பின் தொட்டிக்குள் இருக்கும் தட்டில் மாட்டும் வீட்டு டிரெய்லர். அதில் சங்கிலி வழக்கமில்லை. கழன்றால் நேரே பிக்கப்பின் தொட்டிமேல்தான்.

பான்ஃப் பக்கம் முகாம், காலை ஐந்தரை மணி, விரல் மரக்கும் குளிர். பிக்கப்பைப் பின்னால் எடுத்து டிரெய்லரில் மோதினேன், கைப்பிடி தானாகப் பூட்டிக்கொண்டது, அதையும் பார்த்தேன். டிரெய்லரின் முன்கால்களை முழுவதும் தூக்கிவிட்டு நகர்த்தினேன். மூன்று மீட்டர் போயிருப்பேன். பெரிய தகர டிரம்மைக் கிணற்றில் போட்டதுபோல ஒரு சத்தம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. “அப்பா, வீடு லாரிமேல் உட்கார்ந்துவிட்டது” என்றாள்.

டிரெய்லரின் கிங்பின் என்ற முளை தட்டின் தாடைக்குள் போகவே இல்லை, மேலே ஏறி நின்றிருக்கிறது. டிரெய்லரைக் கொஞ்சம் அதிக உயரத்தில் நிறுத்திவைத்ததுதான் காரணம். தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருந்திருக்கும். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முன்கால்களைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் தூக்கி, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுத்துப் பார்த்திருந்தால் வீடு ஓர் அங்குலம்தான் விழுந்திருக்கும். தொட்டியின் இரண்டு பக்கமும் உள்வாங்கிவிட்டன. மகள் இன்னும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பேக்கர்ஸ்ஃபீல்ட்_55

ஹூஸ்டன்காரர் பிரேக்கை மிதித்ததுதான் பெரிய தவறு, பந்தின் அளவு அடுத்ததுதான். எனக்கு ஐ-5 சாலையில் கிரேப்வைன் இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டியது. இடம், வலம், இடம், ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிட அகலம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தேன், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கொடுத்தேன், அடங்கியது. என் கதை அவ்வளவுதான்.

காரணத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தைத் தூக்கும். இங்கேயும் அதேதான். பந்தின்மேல் விழும் பாரம் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். ஃபிஃப்த் வீல், அதுபோலத் தொட்டிக்குள் மாட்டும் கூஸ்நெக் என்றால் 15 முதல் 25 வரை. நான் ஜெனரேட்டரையும் தண்ணீர் டிரம்மையும் கடைசியில் ஏற்றியிருந்தேன், வாலாட்டியது.

சரி, முன்பாரம் வைத்துவிட்டீர்கள். அது யார் தலையில் விழுகிறது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இதற்குமேல் கூடாது என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அந்த எண் 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் 9,000 பவுண்டு, அதில் 12 விழுக்காடு 1,080. மீதி 420. நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு ஐஸ் பெட்டி, முடிந்தது கதை. விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருப்பான். இழுக்கும், தாங்காது. இரண்டும் வேறு. சந்தேகமாக இருந்தால் லாரிகள் நிற்கும் இடத்தில் எடை மேடை இருக்கிறது, ஏற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. பிரேக்அவே கம்பியைச் சங்கிலியில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சங்கிலி கழன்றால் கம்பியும் கூடவே போய்விடும், பிறகு எதற்கு அது? வண்டியின் உடம்பில் தனி இடத்தில் மாட்ட வேண்டும். கம்பி சங்கிலியைவிடக் கொஞ்சம் நீளமாகவும் இருக்க வேண்டும். சங்கிலி அறுந்தால்தான் கம்பி இழுபட்டு, டிரெய்லரில் இருக்கும் பேட்டரி பிரேக்கைப் பிடிக்கும். அந்த பேட்டரியை எத்தனை பேர் சோதிக்கிறீர்கள்? டிரெய்லர் டயர்கள் பலவும் 65 மைல் வேகத்துக்கு மட்டுமே செய்தவை. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55 தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. 75-இல் என்னைத் தாண்டிப் போகிறவர்கள் கையாட்டிவிட்டு வேறு போகிறார்கள். சக்கரம் மாற்றினால் ஐம்பது மைலில் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

எட்மன்டன்_குளிர்

ஐயா, கதை ஆறு வரி, வகுப்பு ஒரு பாடவேளை. ஹூஸ்டன்காரருக்கு முன்பாரம் குறைவு என்று யார் சொன்னது? பந்து சின்னது. எத்தனை விழுக்காடு பாரம் வைத்தாலும் அந்த மேட்டில் துள்ளித்தான் இருக்கும். பிரேக்அவே கம்பி பற்றிச் சொன்னது மட்டும் சரி. நான் போய்ப் பார்த்தேன், என்னுடையது தப்பான இடத்தில்தான் மாட்டியிருந்தது.

ஸ்காப்ரோ_அக்கா

எல்லோரும் இரும்பைப் பற்றியே எழுதுகிறீர்கள். விரலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

கோயில் திருவிழாவுக்கு அன்னதானப் பாத்திரங்கள் ஏற்றிய டிரெய்லர். இரண்டு பெரிய கிடாரம், அடுப்புகள், வாளிகள். இவர் பிக்கப்பைப் பின்னால் எடுக்கிறார், நான் நின்று கை காட்டுகிறேன். ‘இன்னும், இன்னும், நில்லுங்கள்’ என்கிறேன். இவருக்கு ‘நில்லுங்கள்’ என்பது மட்டும் எப்போதும் கேட்காது. பந்து இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளி நின்றது. மறுபடி எடுக்கச் சொன்னால் சண்டை வரும் என்று நானே டிரெய்லரின் மூக்கைப் பிடித்துத் தள்ளினேன். ஜாக் சரிந்தது. என் மோதிர விரல் பந்துக்கும் கப்ளருக்கும் நடுவே இருந்தது.

வலி உடனே வரவில்லை. உள்ளே கிடாரம் ஒன்று கிணுகிணுவென்று ஆடிக்கொண்டிருந்ததும், அது ஓயும்வரை நான் அதையே கேட்டுக்கொண்டு நின்றதும்தான் நினைவிருக்கிறது. மோதிரத்தை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் முளைக்கிறது. டிரெய்லரின் சில்லுகளுக்கு ஒருவரும் கட்டை வைக்கவில்லை. அதனால்தான் ஜாக் சரிந்தது. இவர் இப்போது கெமரா பூட்டிய வண்டி வாங்கிவிட்டார். சண்டை போட ஆள் தேவைப்படுவதில்லை.

ஹூஸ்டன் தம்பி, ஒன்று கேட்கிறேன். கழன்றது கிராசிங்கில் என்றீர்கள். தண்டவாளத்தைத் தாண்டித்தானே நின்றீர்கள்?

மெல்பர்ன்_யூட்

இங்கே 3,500 கிலோ வரை 50 மில்லிமீட்டர் பந்துதான் வழக்கம், அதனால் ஹூஸ்டன்காரரின் பிழை இங்கே எளிதில் வராது. 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சில்லுக்கும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்றால் அதுவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும், சட்டம். ஆனால் நிறுத்தும்போது மூக்கைத் தாங்கும் முன்சில்லைத் தூக்க மறந்து நெடுஞ்சாலையில் உரசிக்கொண்டு போவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. பின்னால் வந்த லொறிக்காரர் விளக்கடித்து நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் சில்லே இல்லை, குழாய் மட்டும் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

ஹூஸ்டன்_விவசாயி

அக்கா, அதை முதலில் எழுதாமல் விட்டேன். தாண்டவில்லை. பிக்கப் தாண்டிவிட்டது. டிரெய்லரின் பின்சக்கரம் தண்டவாளத்தின்மேல் இருந்தது.

இறங்கியதும் சங்கிலியைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஜாக்கை இறக்கி, மூக்கைத் தூக்கி, அதே சின்னப் பந்தின்மேல் வைத்து, நடக்கும் வேகத்தில் இருபது அடி இழுத்து ஓரம் கட்டினேன். கை நடுக்கத்தில் ஜாக் கைப்பிடி இரண்டு முறை நழுவியது. எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் கம்பத்தில் ஒரு நீலப் பலகை கண்ணில் பட்டது. வண்டி மாட்டிக்கொண்டால் அழைக்க வேண்டிய எண்ணும் அந்த கிராசிங்கின் அடையாள எண்ணும் அதில் இருந்தன. நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி இருக்கும்.