முக்திநாத் யார்துங் குதிரைப் பந்தயத்துக்கு நடைப்பயணம்

கேள்வி (சேலம்): ஆவணி அவிட்டப் பௌர்ணமியை ஒட்டி நேபாளத்தின் முக்திநாத்தில் நடைபெறும் யார்துங் குதிரைப் பந்தயத்தைக் காண, அதற்குக் கீழேயுள்ள ஜோம்சோம் ஊரிலிருந்து நடந்தே செல்ல விரும்புகிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்து ஏறிய பழக்கம் போதுமா?

பதில் (ஏற்காடு): கால்களுக்குப் போதும் ஐயா, மூச்சுக்குப் போதாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், முக்திநாத்தோ சுமார் 3,700 மீட்டர் என்பதால், ஜோம்சோமிலும் வழியிலுள்ள காக்பேனியிலும் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு ஏறுங்கள். தலைவலியும் குமட்டலும் கூடினால், பந்தயமே தவறினாலும் சரி, உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

பதில் (சேலம்): முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மாவட்டம் மலைகள் மழையைத் தடுக்கும் மழைமறைவுப் பகுதி, ஆனால் வழியிலுள்ள காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிற்பகலில் புழுதியை வாரி இறைக்கும் காற்று வீசும் என்பதால் விடியலிலேயே புறப்படுங்கள். பாய்ந்தோடும் குதிரையிலிருந்து சரிந்து, தரையில் கிடக்கும் துண்டை வீரர்கள் அள்ளியெடுப்பதை அவசியம் பாருங்கள். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் திருத்தலமும் முக்திநாத்தே அல்லவா! அடையாளச் சான்றாக வாக்காளர் அட்டையை மறவாதீர்கள். இந்தியருக்கு விசா தேவையில்லை.