மறு: ஜீப்பில் வயர்லெஸ் செட் – ‘எர்த்’துக்கு ஒரே சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

நான்கு சக்கர இயக்க வண்டிகளில் வயர்லெஸ் செட்டுக்கு மின்னிணைப்பு கொடுப்பது பற்றிய கையேட்டு வரைவைப் படித்துக் கருத்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஃபியூசுக்கு உருகி, வோல்டேஜுக்கு மின்னழுத்தம், கரண்டுக்கு மின்னோட்டம், இவற்றில் யாருக்கும் சண்டை இல்லை. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இக்னீஷன் லைனுக்கு ஒருவர் சொன்ன ‘சாவிவழி’ நன்றாகவே இருக்கிறது; சேர்த்துவிட்டேன். பேச்சு நீள்வதெல்லாம் எர்த்தால்தான்: வண்டியில் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பைப் பட்டறையில் அப்படிச் சொல்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்பதே கேள்வி. ஒவ்வொரு மடலாக எடுத்துக்கொள்கிறேன்.

> புவித்தொடுப்பு என்று பள்ளியிலேயே படித்தோமே. இருக்கிற சொல் இருக்க, புதிது எதற்கு?

வீட்டுக்கு அது சரியான சொல். மொட்டை மாடியில் கம்பம் நட்டு ஏரியல் கட்டுகிறவர், மின்னலுக்குப் பயந்து மண்ணில் செம்புக் கம்பி இறக்குகிறார். அங்கே புவி உண்டு, தொடுப்பும் உண்டு. ஜீப் நிற்பதோ ரப்பர் டயரில். பேட்டரியின் பிளஸிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் உருகி வழியாக செட்டுக்குப் போய், வண்டியின் தகட்டு வழியாகவே மைனஸுக்குத் திரும்புகிறது. பூமிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. வண்டியில் எர்த் என்பது பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன பேச்சு. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் வண்டி விஷயத்தில் மண்ணை இழுக்காமல் ‘மாஸ்’ (திரள்) என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். நாம் மட்டும் மண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

> அப்படியானால் மைனஸ் என்று எழுதிவிட்டுப் போகலாம்.

முடியாது. பழைய லேண்ட் ரோவர்களில் 1960கள் வரை வண்டி உடலோடு சேர்ந்திருந்தது பிளஸ்தான். அப்படி ஒரு வண்டியைப் புதுப்பித்து ஓட்டுகிறவர் ‘மைனஸைத் தகட்டில் முறுக்கு’ என்ற வரியை நம்பி வேலை செய்தால் உருகி போகும், அல்லது செட்டே போகும்.

பழைய வண்டியை விடுங்கள், இன்றைய வண்டியிலும் மைனஸும் வண்டித் தகடும் ஒன்றல்ல. எஞ்சின் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதியுள்ள வண்டிகள் பலவற்றில், பேட்டரியின் மைனஸ் கவ்வியிலேயே சிறு பெட்டி போல ஓர் உணரி (சென்சார்) இருக்கும். எவ்வளவு மின்னோட்டம் போகிறது, வருகிறது என்று அதுதான் கணக்கு வைக்கிறது. செட்டின் கறுப்பு வயரை நேரே பேட்டரி முனையில் மாட்டினால், அந்த மின்னோட்டம் உணரியில் நுழையாமலே ஓடிவிடும். வண்டியின் கணினி பேட்டரி நிலையைத் தப்பாக எடைபோடும். உணரிக்கு அந்தப் பக்கம், கேபிள் தகட்டில் முறுக்கியிருக்கும் போல்ட்டில்தான் மாட்ட வேண்டும்.

உருகி விவகாரமும் இங்கேதான் பிரிகிறது. கறுப்பு வயர் நேரே பேட்டரி முனைக்குப் போனால் அதிலும் ஓர் உருகி வேண்டும். எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள தடித்த கேபிள் லூஸானால், ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். ஏரியல் கேபிளின் உலோக உறை, செட், நம் மெல்லிய கறுப்பு வயர் என்று ஒரு குறுக்கு வழி அதற்குத் தயாராக இருக்கிறது. தகட்டில் முறுக்கிய கறுப்பு வயருக்கு அந்த ஆபத்து இல்லை, அதில் உருகியும் தேவையில்லை. இரண்டு இடத்தையும் ஒரே சொல்லால் எழுதினால் உருகி வேண்டுமா வேண்டாமா என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

> பட்டறையில் யாரும் உங்கள் சொல்லைப் பேசப் போவதில்லை. எர்த் என்றே விடுங்கள்.

பட்டறைக்காரர் வெறும் எர்த் என்று சொல்வதில்லையே! ‘பாடி எர்த்’, ‘சேசிஸ் எர்த்’, ‘எஞ்சின் எர்த்’ என்று பிரித்துத்தான் சொல்வார். முதல் பாதியைத் தொலைப்பது எழுதுகிற நாம்தான். தார், பொலேரோ, குர்கா எல்லாம் ஏணி வடிவ சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் பாடியை ஏற்றி, இடையில் ரப்பர் வைத்து முறுக்கிய வண்டிகள். எஞ்சினும் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மூன்றையும் மின்வழியில் சேர்த்து வைப்பவை நடுவே ஓடும் கேபிள்களும் செம்புப் பின்னல் பட்டைகளும்தான். ஒரு பட்டை துருப்பிடித்து நைந்தால் ஒரு பகுதி கிட்டத்தட்டத் தனித் தீவு. செட்டில் பேச்சு கேட்கும், ஆனால் பேசும் பொத்தானை அழுத்தியதும் அணைந்துவிடும். பழுது பார்க்கிறவரோ பிளஸ் வயரையே தடவிக்கொண்டிருப்பார்.

ஆகவே என் முன்மொழிவு இரண்டு அடுக்கு. மின்னோட்டம் திரும்பும் பாதைக்கு ‘மீள்வழி’. அந்தப் பாதையில் நாம் வயரை முறுக்கும் இடத்துக்கு ‘முனை’: கூண்டுமுனை, அடிச்சட்டமுனை, எஞ்சின்முனை. பாடிக்குக் கூண்டு என்பது என் கற்பனை இல்லை. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதைக் கூண்டு கட்டுதல் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. உடல்முனை என்று ஒருவர் சொன்னதும் தப்பில்லைதான், எனக்கென்னவோ ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது.

மீள்வழி என்று பெயரிட்டால் கணக்கும் புரியும் என்பது இன்னொரு லாபம். 50 வாட் செட் ஒன்று பேசும்போது சுமார் 12 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக 4 மீட்டர், வர 4 மீட்டர். மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லி ஓம் என்றால் மொத்த வீழ்ச்சி 0.6 வோல்ட்டுக்கு மேல். எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் இருப்பதே 12.6 வோல்ட். 13.8 வோல்ட், 15 சதவீதம் கூடக்குறைய என்று போட்டிருக்கும் செட்டுக்குக் கீழ் எல்லை 11.7. பேசும்போது பேட்டரியே கொஞ்சம் இறங்கும், வயர் நுனியில் மாட்டும் வளையம், அதாவது லக், ஒன்று சரியாக நசுக்கப்படாவிட்டால் எல்லை தாண்டிவிடும். எர்த் என்று படிக்கிறவர் திரும்பி வரும் அந்த 4 மீட்டரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். அங்கே வயர் மெலிது, ஸ்பிரிங் தொடுப்பு வேறு.

வரைவில் இந்தப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“சிவப்பு வயரைப் பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்டு. முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் உருகி இருக்கட்டும். அது காப்பது செட்டை மட்டுமல்ல, வயரையும். ஃபயர்வால் (எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டையில் ரப்பர் வளையம் போட்ட பிறகே வயரை நுழை. கறுப்பு வயரைப் பேட்டரிக்கு அருகிலுள்ள கூண்டுமுனையில் முறுக்கு. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் பல்வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவு. கூண்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவிலுள்ள பின்னல் பட்டையைப் பார். மீள்வழியில் லூஸ் இருந்தால் மற்றதெல்லாம் வீண்.”

உங்களுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாரிடமாவது இதை வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் ‘என்ன சார்?’ என்று கேட்கிறார் என எழுதுங்கள்.

அப்புறம், வீட்டு மண்ணும் வண்டியின் மீள்வழியும் போக, மூன்றாவது எர்த் ஒன்று பாக்கி இருக்கிறது. கூரையில் காந்தம் வைத்து நிறுத்தும் கால் அலை ஏரியலுக்கு (அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ளது), 145 மெகாஹெர்ட்சில் நீளம் அரை மீட்டர் சொச்சம். அதன் மறுபாதியாக வேலை செய்வது கீழே இருக்கும் கூரைத் தகடு. பேட்டரி மின்னோட்டத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை, அதனால் மீள்வழி என்று அதைச் சொல்ல முடியாது. கண்ணாடி போல ஏரியலின் பிம்பத்தைக் காட்டுவதால் ‘ஆடித்தளம்’ என்கிறார் ஒருவர், ‘எதிர்த்தளம்’ என்கிறார் இன்னொருவர். நான் ஆடித்தளத்தின் பக்கம். ஆனால் ஃபைபர் கூரை வண்டிக்காரர்கள் தகட்டுக்குப் பதில் நான்கு கம்பியை விரித்து வைக்கிறார்களே, அதைத் தளம் என்று சொல்லலாமா?

அன்புடன்.