நாலாம் ஸ்டேஜ் பெருங்குடல் புற்றுநோய்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

மகன்:
அப்பாவுக்குப் பெருங்குடலின் இடது பக்கத்தில் கட்டி, கல்லீரலிலும் பரவியிருந்தது. உடனே ஆபரேஷன் செய்வார்கள் என்று நினைத்தோம். குடல் அடைபடவில்லை, ரத்தமும் பெரிதாகப் போகவில்லை, அதனால் முதலில் கீமோ என்றார் டாக்டர். கூடவே பயாப்ஸி துண்டை ராஸ், பிராஃப், எம்எஸ்ஐ என்ற, கட்டியின் மரபணு மாற்றங்களைப் பார்க்கும் டெஸ்ட்டுகளுக்கு அனுப்பினார். "புற்றுநோய்னு தெரிஞ்சாச்சே, இன்னும் என்ன டெஸ்ட்?" என்று சொந்தக்காரர்கள் ஒரே நச்சரிப்பு. ஆனால் மருந்தையே அந்த ரிப்போர்ட்தான் முடிவு செய்தது. ராஸ் ஜீன் மாறியிருந்தால், கீமோவோடு வழக்கமாகச் சேர்க்கும் செடுக்சிமாப், பனிடுமுமாப் என்ற மருந்துகள் இரண்டும் பலன் தராது. அப்பாவுக்கு மாறியிருந்தது. அதனால் ஃபோல்ஃபாக்ஸ் என்ற கீமோ கலவையுடன், கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் கொடுத்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனை. அப்புறம் இடுப்பில் சின்ன பம்ப்போடு வீட்டுக்கு வந்துவிடுவார். 46 மணி நேரம் போர்ட் (நெஞ்சில் தோலுக்கு அடியில் பொருத்தும் சின்ன மருந்து வாசல்) வழியாக மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஃபோல்ஃபாக்ஸில் இருக்கும் ஆக்சாலிபிளாட்டின் நரம்பைப் பாதிப்பதால் குளிர்ந்த எதையும் தொடக்கூடாது. ஒரு நாள் காலையில் கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு, ஷாக் அடித்த மாதிரி கையை உதறினார். அதன் பிறகு அந்தக் கதவு எப்போதும் திறந்தேதான் கிடந்தது. சில மாதங்களில் கல்லீரல் கட்டிகள் சுருங்கின. பெவாசிசுமாப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், அதை மட்டும் சுமார் ஆறு வாரம் முன்பே நிறுத்திவிட்டு கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். மிச்சமுள்ள கல்லீரல் வளர்ந்துகொள்ளும். முதல் நாளே "இனி ஆபரேஷனுக்கு வழியில்லை" என்று யாராவது சொன்னால், கல்லீரல் அறுவை செய்யும் சர்ஜனிடம் ஒருமுறை ஸ்கேனைக் காட்டிவிடுங்கள். எல்லோருக்கும் இது வாய்க்காது, ஆனால் கேட்பதில் தப்பில்லை.

மகள்:
அண்ணா, எங்கள் அம்மாவுக்கு அதே டெஸ்ட் வேறு வழியைக் காட்டியது. எம்எஸ்ஐ அதிகம், அதாவது கட்டியின் செல்கள் டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்ய முடியாத வகை என்று வந்தது. பரவிய நிலையில் நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்குத்தான் இப்படி இருக்குமாம். கீமோ இல்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாப் மட்டும்தான். 2020இல் அமெரிக்காவில் இதை முதல் சிகிச்சையாகவே அனுமதித்தார்கள். முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. ஆனால் தைராய்டு படுத்துவிட்டது, தினமும் மாத்திரை. இம்யூனோதெரபிக்குப் பக்கவிளைவே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நோயாளி:
நான் இப்போதும் சிகிச்சையில்தான் இருக்கிறேன். சட்டைப் பித்தான் போட முடியாமல் விரல் மரத்தபோதே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஆக்சாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்ந்தார். நிறுத்திய பிறகும் சில மாதம் மரத்துப்போவது கூடத்தான் செய்தது, பயந்துவிடாதீர்கள். வலிக்கென்று பாலியேட்டிவ் டாக்டரை (வலி, அவஸ்தைகளைக் குறைப்பதைக் கவனிப்பவர்) ஆரம்பத்திலிருந்தே பார்க்கிறேன். கடைசி நேரத்தில்தான் அங்கே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ராத்திரி தூக்கம் வருகிறது, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.